எழுத்தை மறைக்காத நீர்க்குறி

ரூபாய்த் தாளை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தால், வெற்றிடத்தில் காந்தியடிகளின் உருவம் தெரிகிறதல்லவா? அதுவே நீர்க்குறி. 1996ஆம் ஆண்டு வரிசைக்கு முந்தைய தாள்களில் அசோகத் தூணின் சிங்கங்கள் இருந்தன. இதற்கு மை கிடையாது. தாள் ஈரக் கூழாக இருக்கும்போதே ஓரிடம் மெலிதாகவும் ஓரிடம் தடிப்பாகவும் அமைக்கப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டின் பப்ரியானோ நகரத்துக் காகிதத் தொழிலாளர்கள் இக்கலையில் பேர்பெற்றிருந்தனர்.

கணினியில் நாம் இடும் நீர்க்குறி அப்படிப்பட்டதன்று. அது எழுத்துகளுக்கு அடியில் மையாலேயே அச்சாகிறது. ஆகவே அதன் ஒளிபுகும் தன்மையைச் சரியாக வைப்பது அவசியம்.

தமிழுக்கு இது மிக முக்கியம் என்பது எங்கள் கருத்து. கறுப்பு லேசர் அச்சு இயந்திரத்திடம் சாம்பல் நிற மை இல்லை. நுண்ணிய கரும்புள்ளிகளைத் தெளித்தே அது சாம்பல் நிறத்தைக் காட்டுகிறது. நம் மெய்யெழுத்தின் தலையிலும் புள்ளிதானே! நீர்க்குறி அடர்ந்துவிட்டால் ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும். பிறகு வாக்கியத்தின் கதி என்ன?

லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் ‘ஃபார்மட்’ பட்டியலில் ‘வாட்டர்மார்க்’ என்பதைத் திறந்தால் சொல், எழுத்துரு, சாய்வு, நிறம் ஆகியவற்றுடன் ‘டிரான்ஸ்பரன்சி’ என்ற கட்டமும் இருக்கும. 0 சதவீதம் என்றால் முழு அடர்த்தி. 100 என்றால் ஒன்றுமே தெரியாது. நாங்கள் பாடக்குறிப்பு ஒன்றின் குறுக்கே ‘மாதிரி’ என்ற சொல்லைக் கறுப்பு நிறத்தில் இட்டு, 60, 75, 90 என மூன்று அளவுகளில் அச்சிட்டோம். 60இல் புள்ளிகளைத் தேட வேண்டியிருந்தது. 90 திரையில் அழகாயிருந்தது. ஜெராக்ஸ் எடுத்ததும் காணாமற் போயிற்று! 75 எங்களுக்குப் பொருந்தியது. வேறு இயந்திரமானால் அளவும் மாறலாம். ஒரு தாள் அச்சிட்டுப் பார்த்துவிடுவதே சிக்கனம்.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் ‘டிசைன்’, ‘வாட்டர்மார்க்’, ‘கஸ்டம் வாட்டர்மார்க்’ என்று செல்ல வேண்டும். அங்கே சதவீதம் கேட்பதில்லை. ‘செமி டிரான்ஸ்பரன்ட்’ என்ற ஒரே கட்டந்தான். பள்ளிச் சின்னம் போன்ற படமானால் ‘வாஷ் அவுட்’. நுட்பமாக மாற்ற விரும்புவோர் பக்கத்தின் மேல் விளிம்பில் இருமுறை சொடுக்கித் தலைப்பகுதியைத் திறந்து, நீர்க்குறியைத் தேர்ந்தெடுத்து, அதன் நிற நிரப்பலில் சதவீதத்தை மாற்றலாம். நீர்க்குறி குடியிருப்பது தலைப்பகுதியில்தான். எல்லாப் பக்கங்களிலும் அது தோன்றுவதன் இரகசியமும் அதுவே.

எங்கள் திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நீர்க்குறியோ பூட்டு அன்று! தலைப்பகுதியைத் திறக்கத் தெரிந்த எவரும் அதை அழித்துவிடலாம். ஆதலால் பிறருக்குக் கொடுக்குமுன் நாங்கள் ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக மாற்றிவிடுகிறோம். அதிலிருந்து நீக்கச் சற்றுக் கூடுதல் உழைப்பு வேண்டும், அவ்வளவே.