இருபது நிமிடமும் ஒரு கண்ணாடிக் குழாயும்

ஜவ்வாது மலையிலிருந்து பாம்பு கடித்தவரை அழைத்து வரும் உறவினர் மனத்தில் இரு ஐயங்கள் எழுவது இயல்பு. எந்தப் பாம்பு என்று அறியாமல் மருந்து தரலாமா? நேரே வேலூருக்கே சென்றிருக்க வேண்டுமோ?

சிறந்ததை நாடுவது நன்றே. எனினும், உயிர்காக்கும் பணியில் எது முதன்மை என்னும் தெளிவும் வேண்டும்.

பாம்பைத் தேட வேண்டியதில்லை. நம் நாட்டின் நஞ்சுமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பொதுவானது.

ஆனால் ஒரு சோதனையில் தளர்வுக்கு இடமில்லை. நோயாளியின் குருதியில் 2 மில்லி எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பின்னர் சாய்த்துப் பார்ப்பர். குருதி உறையாவிடில், அது விரியன் நஞ்சு ஏறியதன் அறிகுறி. குழாய் புதியதாகவும் உலர்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். சோப்பு நீரில் கழுவிய குழாயும் பிளாஸ்டிக் குழாயும் பிழையான முடிவைத் தரக்கூடும். ஆகவே, அந்த இருபது நிமிடத்தை வீண் தாமதம் என்று எண்ணற்க.

குருதி உறைந்தாலும் உடனே வீடு திரும்பலாகாது. கட்டுவிரியன் நஞ்சு நரம்புகளைத் தாக்கும். அதன் அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தும் தோன்றலாம். அதனாலேயே 24 மணி நேரம் கண்காணிக்கிறோம்.

கடிபட்ட உறுப்பை அசைக்காதீர், இறுகக் கட்டாதீர், கீறாதீர். 108-ஐ அழைத்து, நஞ்சுமுறிவு மருந்துள்ள அருகிலுள்ள மருத்துவமனையை முதலில் அடைக. பெரிய மருத்துவமனை தேவைப்படின், அங்கிருந்து செல்லலாம்.