டர்போ மாற்றத் தெரிந்தால் போதாது

சென்னை பெருங்குடி டோல்கேட்டில் கட்டணம் வாங்குவது 2021இலேயே நின்றுவிட்டது. பேர் மட்டும் இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கத்துப் பட்டறைகளில் காலை ஒன்பது மணிக்குப் போய் நின்றால், இரவு ஷிஃப்ட் முடித்த டீசல் கேப் ஒன்றாவது வந்து சேரும். டிரைவர் சொல்வது பெரும்பாலும் ஒரே வசனம்தான்: “பிக்கப்பே இல்லண்ணே. மேம்பாலம் ஏற மாட்டேங்குது. விசில் மாதிரி சத்தம் வேற வருது.” பானெட்டைத் திறக்கும் முன்பே பதில் வந்துவிடும்: “டர்போ போச்சு. மாத்திடலாம்.”

மாற்றுவார்கள். சில மாதங்களில் அதே வண்டி, அதே வசனத்தோடு திரும்பி வரும். முதல் டர்போவைக் கொன்றது எதுவோ, அது வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது; இரண்டாவதையும் கொன்றுவிட்டது.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பையன்களுக்கும் பெண்களுக்கும், ஏற்கெனவே ஸ்பேனர் பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். நாலு போல்ட்டைக் கழற்றி நாலு போல்ட்டை முடுக்க ஆள் நிறைய உண்டு. ‘இது ஏன் செத்தது’ என்று எழுதித் தரக்கூடிய ஆள் குறைவு. அந்த ஆளுக்குத்தான் சம்பளம் ஏறும்.

எங்கே தொடங்குவது? பத்தாவது முடித்தவர்களுக்குக் கிண்டி அரசு ஐடிஐ பக்கத்திலேயே இருக்கிறது. ‘மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள்’ என்றால் இரண்டு வருடம், ‘மெக்கானிக் டீசல்’ என்றால் ஒரு வருடம். டிப்ளமோ படிக்க விரும்பினால் தரமணியில் மத்திய பாலிடெக்னிக். படிப்பு முடிந்ததும் அப்ரண்டிஸ் சேருங்கள். அந்தச் சான்றிதழ் பிறகு வெளிநாட்டு வேலைக்கும் கைகொடுக்கும். தயாரிப்புப் பக்கம் போக ஆசை இருந்தால் ஓ.எம்.ஆர். என்கிற பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே பையனூர் வரை போனால் போதும். 1982இல் தொடங்கிய டர்போ எனர்ஜி நிறுவனத்தின் ஆலை அங்கே இருக்கிறது. வீட்டு வாசலிலேயே டர்போ செய்கிற ஊர் இது என்பது இங்கே வண்டி ஓட்டுகிற பலருக்குத் தெரியாது.

படிப்பு வாசல்வரை கொண்டுவந்து விடும். அதற்குமேல் வேலையே கற்றுத் தர வேண்டும்.

புகையாக வீணாய்ப் போவதைக் கொண்டு காற்றை எஞ்சினுக்குள் திணிக்கலாம் என்று 1905இல் காப்புரிமை வாங்கியவர் ஆல்ஃபிரட் ப்யூஹி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர். ஒரே தண்டின் ஒரு முனையில் புகை சுற்றும் சக்கரம், மறு முனையில் காற்றை அழுத்தும் சக்கரம். அன்றைக்கும் இன்றைக்கும் அடிப்படை அதுதான். சின்ன கார் டர்போ நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேலும் போகும். ஒரு பக்கம் 700 டிகிரிக்கு மேல் தகிக்கும், மறு பக்கம் வெளிக்காற்று. நடுவில் அந்தத் தண்டைத் தாங்குவது பேரிங் என்று பெயர். உண்மையில் தாங்குவது தலைமுடியைவிட மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலம். அந்தப் படலம் சில விநாடி அறுந்தாலும் கதை முடிந்தது.

ஆகவே கழற்றிய டர்போவைப் பழைய இரும்புக் கூடையில் வீசாதீர்கள். அதை மேசைமேல் வைத்துப் பிரேதப் பரிசோதனை செய்யுங்கள். காற்றுச் சக்கரத்தின் இதழ்கள் உப்புத்தாள் தேய்த்ததுபோல் ஓரம் கரைந்திருந்தால் தூசி போயிருக்கிறது; ஏர் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை, அல்லது குழாயில் வெடிப்பு. இதழ் மடங்கியோ சில்லு பெயர்ந்தோ இருந்தால் நட்டு, கிளிப், துணித் துண்டு என்று ஏதோ உள்ளே விழுந்திருக்கிறது. போன முறை சர்வீஸ் செய்தவரைக் கேட்க வேண்டிய கேள்வி அது. தண்டு நீலம் பாய்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை. கோடு கோடாகக் கீறல் இருந்தால் எண்ணெய் வந்தது, ஆனால் அழுக்கோடு வந்தது. சூடான பக்கத்தில் எண்ணெய் கரியாகக் காய்ந்து ஒட்டியிருந்தால், நெடுஞ்சாலையில் விரட்டி வந்த வண்டியை நிறுத்தின அடுத்த கணம் சாவியைத் திருப்பும் பழக்கம் அந்த டிரைவருக்கு இருக்கிறது. ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விடச் சொல்லுங்கள். உங்கள் வேலையின் பாதி, டிரைவரிடம் இப்படிப் பேசுவதுதான்.

இன்னொன்று உண்டு, புதியவர்கள் தவறாமல் விழும் குழி. டர்போவின் இரு பக்கமும் எண்ணெய் வடிகிறது, ஆனால் பேரிங் பளிச்சென்று நன்றாக இருக்கிறது. இந்த வழக்கில் டர்போ நிரபராதி. எண்ணெய் திரும்பி இறங்கும் குழாய் அடைத்திருக்கும். அல்லது எஞ்சின் தேய்ந்து, கிராங்க் அறையில் அழுத்தம் கூடி, பிரீதர் வழியாக வெளியேற முடியாமல் எண்ணெயை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். இங்கே புது டர்போ போடுவது, கூரை ஒழுகுகிறது என்று தரையை மாற்றுவதற்குச் சமம்.

அதேபோல் ‘ப்ளே இருக்கு’ என்ற தீர்ப்பு. தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். மிதக்கும் பேரிங் அது; எண்ணெய் நிறைந்தால்தான் நடுவில் நிற்கும். முன்னும் பின்னுமாக, நீளவாக்கில் விரலுக்குத் தெரியும்படி ஆடினால்தான் பயப்பட வேண்டும். விரலை நம்பாமல் டயல் கேஜ் வைத்து அளந்து, எண்ணை ஜாப் கார்டில் எழுதுங்கள். ‘ஆடுது சார்’ என்பதற்கும் ‘இத்தனை மில்லிமீட்டர் ஆடுகிறது, கம்பெனி அனுமதிப்பது இவ்வளவு’ என்பதற்கும் வாடிக்கையாளரின் முகத்தில் தெரியும் வித்தியாசத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு விட மாட்டீர்கள்.

நம் சாலைக்கென்றே ஒரு நோய் இருக்கிறது. மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆரில் ஊர்ந்து ஊர்ந்து போகும் பிஎஸ்-6 டீசல் வண்டியின் புகை வடிகட்டி, தன் கரியை எரித்துக்கொள்ளப் போதுமான வேகமும் சூடும் கிடைக்காமல் அடைத்துப்போகும். அடைப்பால் பின்னழுத்தம் ஏறும். டர்போவுக்குள் இருக்கும் அசையும் இதழ்கள் கரி பிடித்து இறுகும். ஸ்கேனர் ‘டர்போ அழுத்தம் குறைவு’ என்று காட்டும். பலர் அதைப் படித்ததும் டர்போவை ஆர்டர் செய்துவிடுவார்கள். ஸ்கேனர் நோயின் அறிகுறியைத்தான் சொல்கிறது. வெடித்த ஹோஸ், ஓட்டை விழுந்த இன்டர்கூலர், கிழிந்த வேக்குவம் டியூப் எல்லாமே அதே பிழைக் குறியீட்டைத்தான் எழுப்பும். புகை விட்டுக் கசிவு பார்க்கும் கருவி ஒன்று இருந்தால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். சில நூறு ரூபாய் டியூப்போடு முடிய வேண்டிய வேலைக்குப் பல்லாயிரம் ரூபாய் பில் போட்ட பட்டறைக்கு அந்த வாடிக்கையாளர் திரும்ப வர மாட்டார்.

சரி, உண்மையிலேயே டர்போதான் என்று உறுதியாகிவிட்டது. மாற்றும்போது என்ன?

பழைய எண்ணெயை இறக்கி, ஃபில்டரோடு புதிது போடுங்கள். எண்ணெய் வரும் மெல்லிய குழாயைச் சுத்தம் செய்யப் பார்க்காதீர்கள், புதிதாகவே போடுங்கள். உள்ளே கரி படிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய்ப் பாதையில் கேஸ்கெட் பேஸ்ட் கூடவே கூடாது, பிதுங்கிய துணுக்கு ஒன்று போதும். இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். என் பழைய டீசல் காருக்கு ஒரு பட்டறையில் (பெயர் வேண்டாம்) இதைத்தான் விட்டுவிட்டார்கள். பழைய டர்போ கக்கிய எண்ணெய் இன்டர்கூலரில் தேங்கிக் கிடக்க, மூன்று வாரம் நீலப் புகை விட்டுக்கொண்டே ஊரைச் சுற்றினேன். புது டர்போ மட்டம் என்று தயாரித்தவரைத் திட்டித் தீர்த்தேன். இன்னொரு மெக்கானிக் இன்டர்கூலரைக் கவிழ்த்ததும் ஒரு டம்ளர் எண்ணெய் கொட்டியது.

புது டர்போவைப் பூட்டும் முன் எண்ணெய்த் துளையில் நல்ல எண்ணெயை ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றி விடுங்கள். பூட்டியபின் எரிபொருளைத் துண்டித்து, எஞ்சினைச் செல்ஃப் அடித்து மட்டும் சுற்றவிட்டு எண்ணெய் ஏறச் செய்யுங்கள். பிறகுதான் ஸ்டார்ட். சில நிமிடம் ஐடில். ஸ்டார்ட் ஆனதும் ‘விர்’ரென்று ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் காட்டுவது சில பட்டறைகளில் ஒரு சடங்கு. புது டர்போவின் ஆயுளைப் பாதியாக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஒரு பாதுகாப்பு விஷயம். சீல் போன டீசல் டர்போ சில சமயம் எஞ்சின் எண்ணெயையே எரிபொருளாக ஊட்டத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் வண்டி நிற்காது; வேகம் ஏறிக்கொண்டே போகும், வெள்ளையாகப் புகை மண்டும். கியர் வண்டி என்றால் உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி, கிளட்சை விட்டு அணைக்கலாம். காற்று வாயைப் பலகையால் அடைப்பார்கள். கையை வைத்து அடைக்கப் போகாதீர்கள். எதுவும் வழியில்லை என்றால் எல்லோரையும் விலக்கிவிட்டு நீங்களும் விலகுங்கள். எஞ்சின் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

பொருள் வாங்குவது தனிக் கலை. ஜி.பி. ரோட்டில் புதிது கிடைக்கும், புதுப்பேட்டையில் கழற்றியது கிடைக்கும். டர்போவின் மேல் இருக்கும் தகட்டு எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கார் மாடலைச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் டர்போ மாறும். நடுப்பகுதியை மட்டும், அதாவது ‘கோர்’ மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால், அது அதிவேகத்தில் பேலன்ஸ் பார்க்கப்பட்டதற்கான தாளைக் கேளுங்கள். தாள் இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விடுங்கள்.

இனி, இளைஞர்கள் மெய்யாகவே கேட்க வரும் விஷயம்: ‘அண்ணே, பெரிய டர்போ போட்டா எவ்ளோ பவர் ஏறும்? கோன் ஃபில்டர் போடலாமா?’

கோன் ஃபில்டரை எஞ்சின் அறைக்குள் திறந்தபடி வைத்தால் அது குடிப்பது எஞ்சின் சூட்டில் வெந்த காற்றை. சூடான காற்றில் ஆக்ஸிஜன் குறைவு. சத்தம் ஏறும்; பவர் ஏறியதாகக் காது சொல்லும். எண்ணெய் தடவும் வகையில் கொஞ்சம் அதிகமாகத் தடவிவிட்டால் காற்றளவு சென்சாரில் படிந்து கணக்கையே குழப்பும். கம்பெனிக்காரன் முன் கிரில்லுக்குப் பின்னால், உயரத்தில் காற்று வாயை வைத்திருப்பது காரணத்தோடுதான். அதைக் கீழே பம்பருக்குள் இறக்கினால் குளிர்ந்த காற்று கிடைக்கும், மெய்தான். ஆனால் நீங்கள் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர். தாழ்ந்த வாய் முழங்கால் தண்ணீரையே உறிஞ்சிவிடும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரில் அணைந்த வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதே என்று ஒவ்வொரு அக்டோபரிலும் உங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள். விளம்பரமும் ஆயிற்று.

பெரிய டர்போ என்றால் மென்பொருள், இன்ஜெக்டர், கிளட்ச் என்று சங்கிலி நீளும். சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. வேகம் வேண்டும் என்பவரை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு அனுப்புங்கள். அங்கே போட்டி வண்டிகளைத் தயார் செய்யும் அணிகளில் உங்களுக்கும் வேலை உண்டு. அது வேறு பாதை, கடினமான பாதை. ஓ.எம்.ஆரில் ஓடும் வண்டிக்கு நான் பரிந்துரைக்கும் ‘அப்கிரேட்’ சாதாரணமானது: நல்ல காகித ஃபில்டர், வெடிப்பில்லாத ஹோஸ், சுத்தமான இன்டர்கூலர். பலருக்குத் தொலைந்த பவர் அதிலேயே திரும்பிவிடும்.

மின்வண்டி வந்தால் இந்தப் பிழைப்பு என்னாகும் என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மின்வண்டியில் டர்போ கிடையாது. ஆனால் இதே சாலையில் சின்ன பெட்ரோல் கார்களும் இப்போது டர்போவோடு வருகின்றன. அவற்றின் புகை டீசலைவிடச் சூடு. அவை பழசாகி உங்கள் பட்டறைக்கு வரும் காலம் இனிமேல்தான். கூடவே மின்சாரப் பக்கமும் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்கேனரும் மல்ட்டிமீட்டரும் பிடிக்கத் தெரிந்த கைக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேலைக்குச் சேரும்போது சம்பளத்தோடு இஎஸ்ஐ, பிஎஃப் உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பட்டறை என்றால் 21,000 ரூபாய் வரை சம்பளக்காரருக்கு இஎஸ்ஐ தர வேண்டும். சூடான மேனிஃபோல்டில் கை வெந்த அன்று அதன் அருமை தெரியும்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள், முதலாளியிடம் அல்ல, அங்கிருக்கும் மூத்த மெக்கானிக்கிடம்: “அண்ணே, கழட்டுன பழைய டர்போவெல்லாம் எங்கே வைக்கிறீங்க?” காயலான் கடைக்குப் போட்டுவிட்டோம் என்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். அலமாரியைத் திறந்து, வண்டி எண்ணும் கிலோமீட்டரும் செத்த காரணமும் எழுதிய சீட்டுகள் தொங்கும் பத்துப் பதினைந்து டர்போக்களை அவர் காட்டினால், சம்பளம் ஆயிரம் ரூபாய் குறைவாக இருந்தாலும் அங்கேயே சேர்ந்துவிடுங்கள்.