ஒலி விவரிப்பு எழுத வருகிறவர்களுக்கு

தம்பி, தங்கைகளே, டிவி நிகழ்ச்சிகளுக்கு ஒலி விவரிப்பு, அதாவது திரையில் தெரிவதைப் பார்வையற்றவர்களுக்குச் சொல்லும் குரலுக்கான வரிகள், எழுத வந்திருக்கிறீர்கள். தமிழில் இந்த வேலைக்கு இன்னும் நிறையப் பேர் வேண்டும். தொடங்கும்போதே சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

1. முதலில் கண்ணை மூடிக்கொண்டு எபிசோடைக் கேளுங்கள். கேட்டே புரிவதை எழுத வேண்டாம். கதவு சாத்துவது காதில் விழுகிறது; சாத்தியவர் யார் என்று மட்டும் சொன்னால் போதும்.

2. வசனத்துக்கு நடுவில் கிடைக்கும் மூன்று, நான்கு விநாடிதான் உங்கள் இடம். அதில் ஒருத்தியின் சேலை நிறத்தைச் சொல்வதா, அவள் முந்தானைக்குள் ஒளித்த சாவியைச் சொல்வதா? பின்னால் அந்தச் சாவியால் பீரோவைத் திறக்கப்போகிறாள் என்றால் சாவியைத்தான் சொல்ல வேண்டும். அதனால் முழுதும் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். ஆனால் நம் சீரியல்களில் வசனம் முடிந்ததும் இசையை ஏற்றி ஒவ்வொரு முகமாகக் காட்டுவார்கள். அந்த நேரம் முழுவதும் உங்களுக்குத்தான். “மாமியார் கோபப்படுகிறார்” என்று எழுதாதீர்கள். “மாமியாரின் உதடு இறுகுகிறது. மருமகள் தலை குனிகிறாள்” என்று எழுதுங்கள். மற்றதைக் கேட்பவரே ஊகித்துக்கொள்வார். அந்தச் சுகத்தை அவரிடமிருந்து பறிக்காதீர்கள்.

3. திரையில் வரும் எழுத்தை விடவே கூடாது. கடிதம், வாட்ஸ்அப் செய்தி, “ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு” எல்லாம். செய்திகளில் இது இன்னும் முக்கியம். வெள்ள நேரத்தில் “திரையில் தெரியும் எண்ணை அழையுங்கள்” என்று மட்டும் சொல்லி நகர்ந்தால், பார்வையற்றவர் யாரை அழைப்பார்? எண்ணை வாய்விட்டு வாசிக்கச் செலவே இல்லை. செய்தி ஆசிரியரிடம் போய்ச் சண்டை போடுங்கள்.

4. எழுதியதைப் பார்வையற்ற ஒருவரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். அதற்குரிய கூலியும் கொடுங்கள். 1981இல் வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜ் நாடக அரங்கில் ஒலி விவரிப்பைத் தொடங்கிவைத்த மார்கரெட் ஃபான்ஸ்டீலே பார்வையற்றவர்தான்.

5. சேனல்காரர்களிடம் பேசும்போது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவைக் காட்டுங்கள். அது ஒலி விவரிப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2023 ஜனவரியில் ‘பதான்’ படத்தின் ஓடிடி வெளியீட்டுக்கு இதைத் தயாரிக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

6. விவரிப்பைப் போடும் மெனுவும் பேச வேண்டும். கண் தெரிந்தவர் வந்து ரிமோட்டை அழுத்தித் தர வேண்டியிருந்தால் நம் உழைப்பு பார்வையற்றவரை எட்டாது. ஒளிபரப்புக்கு முன் அதையும் சோதித்துப் பாருங்கள்.