கலங்கரை விளக்கமும் ஒரு சின்னக் கணக்கும்

தார்நாகாவில் குடியிருக்கும் நமக்குக் கடல் என்றால் ஓர் இரவு ரயில் பயணம். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் கடலையே பார்த்ததில்லை என்பதால், விடுமுறையில் அவனைச் சென்னைக்கு அழைத்துச் சென்றேன். இருந்தது ஒரே நாள். அதில் விளக்குகளையும் அருங்காட்சியகங்களையும் மட்டும் பார்ப்பது என்று முடிவு.

முதலில் கோட்டை அருங்காட்சியகம். 1796-இல் சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் எரிந்தது இந்தக் கட்டடத்தின் மாடியில்தான். தேங்காய் எண்ணெய்த் திரி விளக்குகள்! அடுத்து 1844-இல் எழுந்த கல்தூண், உயர்நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கிறது. 1894-இல் விளக்கு நீதிமன்றக் கோபுரத்துக்கே ஏறியது. 1977 முதல் மெரினாவில் இருக்கிறது. அங்கே மின்தூக்கி உண்டு. என் முழங்காலுக்கு அது பெரிய உபகாரம்.

மேலே நின்றபோது பேரன் கேட்டான்: "தாத்தா, இன்னும் பெரிய பல்பு போட்டால் இன்னும் தூரம் தெரியும் இல்லையா?" நானும் யோசிக்காமல் "ஆமாம்" என்றேன்.

மதியம் மாமல்லபுரம். அங்குள்ள கல் கோபுரம் 1904 முதல் இயங்குகிறது, மின்தூக்கி கிடையாது. பையன் மட்டும் ஏறினான். நான் கீழே அருங்காட்சியகத்தில் பழைய விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டம் வட்டமாகப் படிகள் வெட்டிய கண்ணாடி லென்ஸ்! நம் கைகாட்டி மரத்து மண்ணெண்ணெய் விளக்கில் நான் பல வருஷம் துடைத்துப் பார்த்த அதே ஜாதி. ஒளி வளைவது கண்ணாடியின் மேற்பரப்பில்தான், நடுவிலுள்ள கனம் வீண் பாரம் என்று கண்டு, அதைக் கழித்து வளையங்களாக அமைத்தவர் பிரான்ஸ் தேசத்துப் பொறியாளர் ஃப்ரெனெல். 1823-இல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அதைப் பொருத்தினார். நாலாபுறமும் சிதறும் ஒளி அடிவானத்தை நோக்கி ஒழுங்காகப் போகும்.

அப்போதுதான் உறைத்தது, காலையில் நான் சொன்னது தப்பென்று. ஒளி நேர்கோட்டில் போகிறது, பூமியோ உருண்டை. எத்தனை பெரிய பல்பானாலும் அடிவானத்துக்குக் கீழே இருப்பவனுக்கு விளக்கு தெரியாது. பனிமூட்டத்துக்குத்தான் பிரகாசம், தூரத்துக்கு உயரம்தான் வேண்டும். டிப்ளமோவில் படித்ததை மறந்து குழந்தைக்குத் தவறாகச் சொல்லிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. இறங்கி வந்ததும் முதல் வேலையாக ஒப்புக்கொண்டேன்.

கணக்கு சுலபம். உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.6-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். 25 மீட்டர் என்றால் 5 × 3.6 = 18. 100 மீட்டர் என்றால் 36. அதாவது தூரம் இரட்டிக்க உயரம் நான்கு மடங்காக வேண்டும். (காற்றில் ஒளி சற்று வளைவதால் இன்னும் கொஞ்சம் கூடும்; அதை விட்டுவிடுவோம்.) ஆகவேதான் இலவசமாகக் கிடைக்கும் குன்றை விடமாட்டார்கள். பக்கத்துப் பாறைமேல் பல்லவர் கட்டிய ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் உச்சியிலேயே 19-ஆம் நூற்றாண்டில் விளக்கேற்றினார்கள். கோயில் என்பதை மறந்தது எனக்கு உவப்பில்லை. இடத் தேர்வில் மட்டும் குறை சொல்ல முடியாது.

பார்ப்பவரும் உயரத்தில் இருந்தால், இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். திரும்பும்போது பேரனிடம் கேட்டேன்: விளக்கு 49 மீட்டர், கப்பலில் நிற்பவர் கண் 4 மீட்டர்; எத்தனை கிலோமீட்டர்? நம் சங்கத்துக் குழந்தைகளும் போட்டுப் பார்க்கலாம். காஸிப்பேட் வருவதற்குள் அவன் 32.4 என்று சொல்லிவிட்டான்.