லியோன் அருகே மலைக்காட்டில் சைக்கிள் ஓட்ட

பிரான்சின் லியோன் நகருக்கு வடக்கே, சோன் ஆற்றங்கரையை ஒட்டி மோன்-தோர் குன்றுகள் உள்ளன. உயரமான மோன் வெர்துன் 625 மீட்டர்தான். ஆனால் ஆற்றங்கரையிலிருந்து ஏறினால் தொடை கடுக்கும்.

வாடகைக்கு சைக்கிள் எடுத்தால் முதலில் பிரேக்கைப் பாருங்கள். நம் ஊரில் வலக்கைப் பிடி முன்சக்கரத்துக்கு. அங்கே பெரும்பாலும் இடக்கைப் பிடி. பழக்கத்தில் இறக்கத்தில் இடதை இறுக்கினால் தலைக்குப்புற விழ நேரிடும். சமதரையில் பத்து நிமிடமாவது ஓட்டிக் கை பழகிய பிறகே காட்டுக்குள் போங்கள்.

தரை சுண்ணாம்புக் கல். காய்ந்திருந்தால் நல்ல பிடிப்பு. மழை பெய்தால் கல்லும் மர வேரும் வழுக்கும். வேர் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், அதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். இறங்கும்போது பெடல்கள் கிடைமட்டமாக, இடுப்பு இருக்கைக்குப் பின்னால். மழைக்கு மறுநாள் போகாமலிருப்பதே நல்லது, பாதையும் சிதையாது.

பிரான்சில் மலைச் சைக்கிள் பாதைக்கு ஒரு முக்கோணமும் இரு வட்டங்களும் அடையாளம். பச்சை மிக எளிது, நீலம் எளிது, சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். முதல்முறை நீலத்தைத் தாண்ட வேண்டாம். நடப்பவர் எதிரே வந்தால் நின்று வழிவிடுங்கள்.

இலையுதிர், குளிர் காலங்களில் வேட்டை நடக்கும். எச்சரிக்கைப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள். பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள். கோடையில் வீடு வந்ததும் முழங்காலின் பின்புறம், அக்குள் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். லைம் நோய் அதனால் பரவும்.

12 வயதுக்குட்பட்டோருக்குத் தலைக்கவசம் பிரான்சில் சட்டப்படி கட்டாயம். பெரியவர்களும் போடுங்கள். அவசர உதவிக்கு 112.