குளிர்காலப் புல்தரையும் நாங்கூழ் மண்ணும்

இங்கிலாந்தில் வீட்டுக்குப் பின்னால் துண்டுப் புல்தரை வைத்திருப்பவர்களுக்கு அக்டோபர் பிறந்ததும் ஒரு கவலையும் கூடவே பிறக்கும். கோடை முழுக்கப் பொத்தி வளர்த்த புல்லின் நடுவே, விடிந்து பார்த்தால் அங்கங்கே சேற்று நிறத்தில் சின்னச் சின்னக் குவியல்கள். முறுக்குக் குழலில் பிழிந்து விட்டதுபோலச் சுருண்டு கிடக்கும். மண்புழு, அதாவது நாங்கூழ், இரவில் மேலே வந்து போட்டுவிட்டுப் போன எச்சம் அது. நான் குடியிருக்கும் வடமேற்கு லண்டனில் நிலம் முழுக்கக் களிமண். மணற்பாங்கான இடத்தில் இந்தக் குவியல் தானாக உதிர்ந்துவிடும். களியிலோ மிதித்த செருப்போடு வீட்டுக்குள் வந்து கார்ப்பெட்டில் உட்கார்ந்துகொள்ளும்.

பிரிட்டனில் மண்புழு இனங்கள் இருபத்தைந்துக்கு மேல். அவற்றில் எச்சத்தைப் புல்தரைக்கு மேலே கொண்டுவந்து தள்ளுபவை மூன்றோ நான்கோதான். மற்றவை மண்ணுக்குள்ளேயே காரியத்தை முடித்துக்கொள்ளும். கோடையில் மண் காய்ந்ததும் எச்சம் தள்ளும் இந்தப் புழுக்கள் ஆழத்துக்குப் போய்விடும். இலையுதிர்கால மழையில் மண் நனைந்து, சூடும் முழுதாக ஆறாமல் இருக்கும்போது மேலே ஏறிவரும். கடும் உறைபனி விழுந்தால் மறுபடி கீழே. ஜனவரியில் நாலு நாள் இதமாக இருந்தாலும் போதும், குவியல் மறுபடி தலைகாட்டும். குளிர்காலம் முடிகிறவரை இது வருவதும் போவதுமாகத்தான் இருக்கும்.

இதில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம், ஈரமாக இருக்கும்போது தொடக் கூடாது என்பது. பக்கத்து வீட்டுப் பெரியவர், ஆயுள் முழுக்க இதே மண்ணில் தோட்டம் போட்டவர், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒவ்வோர் ஆண்டும் சொல்வார்: “அவசரப்படாதீர்கள், காயட்டும்.” ஈரக் குவியலை மிதித்தாலும் புல்வெட்டியை ஓட்டினாலும் அது அப்பளமாக நசுங்கிப் புல்லை மூடிவிடும். அடியில் வெளிச்சம் போகாது. புல் வெளுத்துச் சாகும். அப்படிச் சொட்டையான இடத்தில் முதலில் குடியேறுவது களைதான். புல்வெட்டியின் கத்தியும் மண் பட்டு மழுங்கும்.

ஆகவே நடப்பதைக் குறைப்பதே பாதி வைத்தியம். பின்கதவிலிருந்து துணி உலர்த்தும் கொடிவரை புல்லுக்குள் தட்டைக் கற்களை வரிசையாகப் பதித்தேன். வீட்டுக்குள் சேறு வருவது அதோடு பெரும்பாலும் நின்றது.

மீதிப் பாதி, விளக்குமாறு. மழையில்லாமல், கொஞ்சம் காற்றும் அடிக்கிற நாளாகப் பார்க்க வேண்டும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் மத்தியானமே இதற்குத் தோதான நேரம். அப்படி ஒரு நாளுக்காக இரண்டு வாரம் காத்திருக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. காய்ந்த குவியலை அழுத்தாமல் பக்கவாட்டில் தட்டிவிட்டால் பொடிப்பொடியாகச் சிதறிப் புல்லுக்கு இடையில் இறங்கிவிடும். இங்குள்ளவர்கள் பர்ச் மரக் குச்சிகளைக் கட்டிய துடைப்பம் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், நம் கடைகளில் கிடைக்கும் தென்னை ஈர்க்குமாறு அதைவிட வாகானது. நீளமான மூங்கில் குச்சியைப் புல்மேல் வீசி விசிறுவதும் உண்டு; கோல்ஃப் மைதானங்களின் பழைய முறை அது. ஒரு எச்சரிக்கை: உறைபனி படர்ந்த காலையில் குவியல் கல்லாக இறுகி, தட்ட வசதியாகத் தோன்றும். இறங்காதீர்கள். உறைந்த புல் காலடியில் நொறுங்கிக் கறுத்துப்போகும்.

ஊரிலிருந்து வந்திருந்த அக்கா மகன் நான் கூட்டுவதைப் பார்த்துச் சிரித்தான். “என்ன மாமா, எங்க ஊர்ல இதை மூட்டை போட்டு விக்கிறாங்க. நீங்க தள்ளி விடுறீங்களே!” நியாயம்தான். குவியல் அதிகமான இடங்களில் காய்ந்ததை வழித்தெடுத்துத் தொட்டி மண்ணில் கலந்துவிடுகிறேன். அதில் களை விதைகள் இருக்கலாம். தொட்டியில் முளைத்தால் பிடுங்குவது எளிது.

குவியலின் எண்ணிக்கையைக் குறைக்க வழி உண்டா? ஓரளவு உண்டு. உதிர்ந்த இலையும் வெட்டிப்போட்ட புல்லும் புழுவுக்குத் தீனி. இலையுதிர்காலத்தில் இரண்டையும் வாரி அகற்றினால் தீனி குறையும். புல்லைக் கொஞ்சம் உயரமாக விட்டு வெட்டினால் குவியல் கண்ணில் படுவதும் குறையும். அமிலத் தன்மையுள்ள மண் மண்புழுவுக்கு ஆகாது. அதனால் புல்தரைக்குச் சுண்ணாம்பு போடாமலிருப்பது நல்லது. பாசி ஒழிக்க விற்கும் இரும்பு சல்பேட்டைச் சிலர் இதற்கும் தூவுகிறார்கள். பலன் மெதுவாகத்தான் தெரியும். நடைபாதைக் கல்லில் பட்டால் துருக்கறை மட்டும் உடனே தெரியும். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

விஷம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு காலத்தில் குளோர்டேன் அடித்தார்கள். 1992இல் அது பிரிட்டனில் தடையானது. பிறகு வந்த கார்பென்டசிமும் விலக்கப்பட்டுவிட்டது. மண்புழுவைக் கொல்ல வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு இன்று அனுமதிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. இல்லாததே நல்லது.

ஏனென்று டார்வினிடம் கேட்கலாம். லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில் டவுன் என்ற கிராமத்தில் அவர் வாழ்ந்த வீடு இருக்கிறது. 1842இல் பக்கத்து வயலில் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பச் செய்தார். 1871இல் குழி வெட்டிப் பார்த்தபோது அந்த அடுக்கு ஏழு அங்குல ஆழத்தில் கிடந்தது. அவ்வளவு மண்ணும் புழுக்கள் மேலே கொண்டுவந்து போட்டது. ஏக்கருக்கு ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் என்று 1881இல் வெளியான தன் மண்புழு நூலில் கணக்குச் சொன்னார். சதுர மீட்டருக்குப் பார்த்தால் சுமார் இரண்டரைக் கிலோ. அதற்குப் பத்தாண்டு கழித்து, 1891இல் வந்த ‘மனோன்மணீயம்’ நாடகத்திலும் நடராசன் என்ற பாத்திரம் நாங்கூழ்ப் புழுவின் ஓயாத உழைப்பை வியந்து பேசுகிறது. நாடகத்தை எழுதிய சுந்தரம் பிள்ளையின் கண்ணுக்கு அது உழுவோர்க்கெல்லாம் வேந்தன்.

என் களிமண்ணில் அந்த வேந்தன் இல்லாவிட்டால் என்ன ஆகும்? மழைநீர் இறங்க வழியில்லாமல் தேங்கும், புல் மெலியும், பாசி ஏறும். அவன் குடைந்த துளைகள்தான் இந்த நிலத்துக்கு வடிகால்.

எங்கள் தெருவில் இந்தச் சேற்றுக்குப் பயந்து புல்லையே பெயர்த்தெடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் புல் விரித்தவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செலவில் இறங்குவதற்கு முன், ஒரே ஒரு குளிர்காலம் ஈர்க்குமாறோடு முயன்று பாருங்கள்.