ஒத்தையிலயா கப்பல் ஏறப் போறீங்க?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோயம்புத்தூருக்குக் கடல் கிடையாது. கப்பலோட்டிய தமிழன் வ.உ.சிதம்பரனார் செக்கிழுத்த சிறை இங்கே இருக்கிறது என்பதைத் தவிர, கப்பலுக்கும் கொங்கு மண்ணுக்கும் உறவில்லை என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இன்று காந்திபுரம், ஆர்.எஸ்.புரம் பக்கத்து டிராவல்ஸ் அலுவலகங்களில் காசி யாத்திரை, காஷ்மீர் டூர் விளம்பரங்களோடு ‘குரூஸ்’ விளம்பரமும் ஒட்டியிருக்கிறது. பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை பார்க்கும் பெண், துணையை இழந்த மில் அதிகாரி என்று தனியாகப் போக ஆசைப்படுகிறவர்களும் விசாரிக்க வருகிறார்கள். வீட்டில் சொன்னதும் அவர்கள் காதில் விழும் முதல் கேள்வி ஒன்றுதான்: “ஏனுங்க அம்மிணி, ஒத்தையிலயா கப்பல் ஏறப் போறீங்க?”

அந்தக் கேள்விக்குள் ஏழெட்டு நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. பயப்பட வேண்டாத விஷயங்களுக்குப் பயந்துவிட்டு, கவனிக்க வேண்டியதைக் கவனிக்காமல் பணத்தை விடுகிறவர்களே அதிகம். அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவது நல்லது.

“கப்பல் பயணம்னா படாத பாடு”

இப்படிச் சொல்கிற பெரியவர்கள் காரணமில்லாமல் சொல்லவில்லை. அவர்கள் அறிந்த கப்பல் ரஜூலா. 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் தமிழர்களை ஏற்றிச் சென்றது. அதன்பின் 1970-களில் இந்தியக் கப்பல் கழகத்தின் ‘சிதம்பரம்’ அதே வழியில் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்கள் பலியானதோடு அந்தப் பயணிகள் சேவை முடிவுக்கு வந்தது. டெக் பாசஞ்சராகப் பாய் விரித்துப் படுத்து, வாந்தியும் மயக்கமுமாக மலேயா போய்ச் சேர்ந்தவர்களின் கதைகள் கொங்கு நாட்டிலும் பல வீடுகளில் உண்டு.

இன்றைய குரூஸ் கப்பல் வேறு வகை. ஊர் போய்ச் சேர்வதற்காக யாரும் அதில் ஏறுவதில்லை. கப்பலில் தங்குவதற்காகவே ஏறுகிறார்கள். பூட்டும் குளியலறையும் உள்ள தனி அறை, ஆட்டத்தைக் குறைக்க கப்பலின் பக்கவாட்டில் நீளும் துடுப்புகள், ஒரு மருத்துவர், ஒரு சிறு மருத்துவமனை எல்லாம் உண்டு. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபின் பன்னாட்டு விதிகளும் இறுகின. உயிர்காப்புப் பயிற்சியைக் கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனேயே எல்லாப் பயணிகளுக்கும் நடத்தியாக வேண்டும். தனியாகப் போகிறவர் அந்தப் பயிற்சியைத் தவறவே விடக் கூடாது. அபாயமணி அடித்தால் எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதை நினைவூட்டப் பக்கத்தில் சொந்தக்காரர் யாரும் இருக்கமாட்டார்கள்.

கடல் ஒவ்வாமை சிலருக்கு வரத்தான் செய்யும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்து அறையைக் கேட்டு வாங்கினால் ஆட்டம் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலையும், ஆடி மாதத்தில் அரபிக் கடலையும் தவிர்ப்பது இன்னும் நல்லது.

“பொம்பளைப் பிள்ளை தனியாப் போறது ஆகாது”

ஏறும்போதே ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை தருகிறார்கள். அறைச் சாவியும் அதுதான், கடைக் கணக்கும் அதுதான், துறைமுகத்தில் இறங்கி ஏறும்போது அடையாளச் சீட்டும் அதுதான். வாயிலில் அதை வருடினால் காவலரின் திரையில் படம் தெரியும். யார் இறங்கினார்கள், யார் திரும்பவில்லை என்பது கப்பலுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். முகம் தெரியாத ஊரில், நள்ளிரவில் விடுதி தேடி அலையும் பயணத்தைவிட இது பாதுகாப்பானது என்று தாராளமாகச் சொல்லலாம். அதற்காக எச்சரிக்கையை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்று அர்த்தமில்லை. அறை எண்ணைப் புதிதாகப் பழகியவர்களிடம் சொல்ல வேண்டாம். உள் தாழ்ப்பாளைப் போட மறக்க வேண்டாம். துறைமுகத்தில் தனியாக ஊர் சுற்றப் போனால் கப்பல் திரும்பக் கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட வேண்டும். கப்பல் தானே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போய்த் தாமதமானால் பொதுவாகக் காத்திருப்பார்கள். சொந்தமாக ஆட்டோ பிடித்துப் போனவருக்காகக் காத்திருக்கமாட்டார்கள்.

தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டுமே என்ற கூச்சத்துக்கும் வழி உண்டு. பெரும்பாலான கப்பல்களில் முதல் நாளே உணவகப் பொறுப்பாளரிடம், பலர் சேர்ந்து உட்காரும் மேசையில் இடம் கேட்கலாம்.

“ஒருத்தர்தானே, பாதிக் காசுதானே ஆகும்”

இந்தத் தவறுதான் தனிப் பயணிக்கு அதிகச் செலவு வைக்கிறது. விளம்பரத்தில் பெரிதாக ‘ஒருவருக்கு ரூ.30,000’ என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே சிற்றெழுத்தில் ‘இருவர் தங்கும் அடிப்படையில்’ என்று இருக்கும். அந்த அறையின் உண்மை விலை ரூ.60,000. ஒருவரே தங்கினாலும் பல நிறுவனங்கள் அந்த அறுபதாயிரத்தையும் கேட்கும். இதற்கு ‘சிங்கிள் சப்ளிமெண்ட்’ என்று பெயர். 100 சதவீதம் என்றால் காலியாகக் கிடக்கும் இரண்டாவது படுக்கைக்கும் முழு விலை கொடுக்கிறோம் என்று பொருள். சில பயணங்களில் இது 25 அல்லது 50 சதவீதமாகக் குறையும். அறைகள் நிரம்பாத நேரத்தில் சில நிறுவனங்கள் முற்றிலும் தள்ளுபடி செய்வதும் உண்டு. துறைமுகக் கட்டணம் மட்டும் ஆளுக்கு ஒன்று என்பதால் அது இரட்டிப்பாகாது.

நிறுவனங்களின் கணக்கும் புரிந்துகொள்ள வேண்டியதே. கப்பலின் வருமானம் டிக்கெட்டோடு முடிவதில்லை. மதுக்கூடம், கடை, மசாஜ், கரைச் சுற்றுலா எல்லாம் சேர்ந்ததுதான் வருமானம். ஒரு படுக்கை காலியானால் அந்த ஆள் செலவழிக்கும் பணமும் போயிற்று.

ஒருவரிடமே இருவர் காசை வாங்கும் இந்த வழக்கத்தை முதலில் பெரிய அளவில் மாற்றியது நார்வீஜியன் குரூஸ் லைன். 2010-ல் வந்த அதன் ‘நார்வீஜியன் எபிக்’ கப்பலில் ஒருவர் மட்டுமே தங்கும் 128 ஸ்டுடியோ அறைகளைக் கட்டினார்கள். ஒவ்வொன்றும் சுமார் 100 சதுர அடி. நம்மூர் வீட்டுப் பூஜையறையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஆனால் அந்த அறைக்காரர்களுக்கென்றே தனிக் கூடம் வைத்து, மாலையில் ஒன்றுகூட ஏற்பாடும் செய்தார்கள். தனியாக வந்தவர்கள் மறுநாள் கூட்டாகச் சாப்பிடப் போக அது போதுமானதாக இருந்தது. 2014-ல் ராயல் கரீபியனின் ‘குவாண்டம் ஆஃப் தி சீஸ்’ ஸ்டுடியோ அறைகளோடு வந்தது; சிலவற்றில் பால்கனியும் உண்டு. இங்கிலாந்தின் கியூனார்டு நிறுவனம் 2016-ல் ‘குயீன் மேரி 2’ கப்பலைப் புதுப்பித்தபோது 15 ஒற்றையர் அறைகளைச் சேர்த்தது.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்டுடியோ என்றாலே மலிவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எண்ணிக்கை குறைவு என்பதால் சீக்கிரம் தீரும். தேவை கூடினால் விலையும் ஏறும். சில தேதிகளில் சாதாரண உள்ளறையை முழு விலைக்கு எடுப்பதே ஸ்டுடியோவைவிடக் குறைவாக வரும். ஆகவே ஒரே தேதிக்கு இரண்டையும் கேட்டு, வரியும் துறைமுகக் கட்டணமும் பணியாளர் டிப்ஸும் சேர்த்த மொத்தத் தொகையை இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். நிறுவனங்களை ஒப்பிட இதைவிட நேர்மையான அளவுகோல் கிடையாது.

“பெரிய கம்பெனின்னா கண்ணை மூடிட்டு ஏறலாம்”

இந்திய அனுபவமே வேறு பாடம் சொல்கிறது. 2019 ஏப்ரலில் மும்பையில் பெரிய ஆரவாரத்தோடு ‘ஜலேஷ் குரூஸஸ்’ தொடங்கியது. கொரோனா வந்தது, 2020-ல் நிறுவனம் மூடப்பட்டது. அதன் ‘கர்ணிகா’ கப்பல் குஜராத்தின் அலங்கில் உடைக்கப்பட்டது. 2021 செப்டம்பரில் வந்த ‘கார்டீலியா’ நிறுவனம் இன்றும் இயங்குகிறது. அதன் ‘எம்ப்ரஸ்’ 1990-ல் பிரான்சில் கட்டிய கப்பல். முன்பு ராயல் கரீபியனிடம் இருந்தது. சுமார் 48,500 டன் கொள்ளளவும் 211 மீட்டர் நீளமும் உடையது. சிங்கப்பூரிலிருந்து ஓடும் ‘ஜென்டிங் ட்ரீம்’ அதைப் போல மூன்று மடங்கு பெரியது, 2016-ல் கட்டியது.

பெரிதே சிறந்தது என்று இதற்குப் பொருளில்லை. முதன்முறை, தனியாக, இந்தியச் சாப்பாட்டோடு, இரண்டு மூன்று இரவு மட்டும் போய்ப் பார்க்க நினைப்பவருக்குக் கார்டீலியா போதும். ஆனால் அதில் ஏறுகிறவர்களில் குடும்பங்களும் நண்பர் கூட்டங்களும் கல்யாண விருந்தினர்களுமே அதிகம். அமைதி தேடிப் போகிற தனிப் பயணி வார இறுதியைத் தவிர்ப்பது நல்லது. பெரிய கப்பலில் நாடகம், நூலகம், வகுப்பு என்று தனியாகவே பொழுது போக்க நிறைய உண்டு.

சைவம் சாப்பிடுகிறவர்களும் ஜைனர்களும் கவலைப்பட வேண்டாம். கார்டீலியாவிலும் ஜென்டிங் ட்ரீமிலும் ஜைன உணவு கிடைக்கும். மற்ற கப்பல்களுக்கு முன்பதிவின்போதே சொல்லி வைக்க வேண்டும்.

“கப்பல் ஏற மும்பைக்குத்தான் போகணும்”

கோவைக்கு மிக அருகிலுள்ள குரூஸ் துறைமுகம் கொச்சி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கே ‘சாகரிகா’ பன்னாட்டுக் குரூஸ் முனையத்தைப் பிரதமர் 2021 பிப்ரவரி 14-ல் திறந்து வைத்தார். 2023 நவம்பரில் ‘கோஸ்டா செரீனா’ குரூஸ் கப்பல் மும்பையிலிருந்து கொச்சி வழியாக லட்சத்தீவுக்குப் போனது. கொச்சியிலிருந்து லட்சத்தீவு நிர்வாகத்தின் கப்பல்களும் ஓடுகின்றன. அவற்றில் எம்.வி. கவரத்தி என்ற கப்பலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளைக் காட்டும் ‘சமுத்திரம்’ என்ற ஐந்து நாள் பயணத் திட்டம் உண்டு. இது ஆட்டம்பாட்டம் உள்ள குரூஸ் அல்ல; தீவு மக்களின் பயணிகள் கப்பல். நுழைவு அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏற முடியாது. கடலையும் பவளத் தீவுகளையும் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இதற்கு ஈடில்லை.

சென்னையிலிருந்து கார்டீலியாவின் பயணத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2022 ஜூன் 4-ல் தொடங்கி வைத்தார். 2023 ஜூனில் அதே நிறுவனத்தின் கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குக் கிளம்பி அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போய் வந்தது. சேரன் எக்ஸ்பிரஸில் விடிகாலை சென்ட்ரலில் இறங்கினால் துறைமுகம் பக்கம்தான். ஆனாலும் ரயில் தாமதமானால் கப்பல் நிற்காது. முதல் நாளே சென்னை போய்விடுவதுதான் சரி. கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால், பெரிய கப்பல் வேண்டுகிறவருக்கு மும்பையைவிடச் சிங்கப்பூரே வசதி.

“சொன்ன ஊருக்கெல்லாம் கப்பல் போயே தீரும்”

போகாது. 2022 ஜூனில் சென்னை, விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று கார்டீலியா அறிவித்த பயணத்தில், கப்பலில் சூதாட்ட அரங்கு இருப்பதாக எதிர்ப்பு எழுந்து, புதுச்சேரியில் கரையிறங்க அனுமதி கிடைக்கவில்லை. வானிலை, அரசு அனுமதி எதுவானாலும் துறைமுகத்தை விட்டுவிடும் உரிமை கப்பலுக்கு உண்டென்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். ஒரே ஓர் ஊருக்காக மட்டும் குரூஸ் பதிவு செய்வது வேண்டாம்.

விசாவும் எல்லா ஊருக்கும் ஒன்றுபோல் இருக்காது. கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டின் விதியும் தனித்தனி. சிங்கப்பூரில் ஏறி, மலேசியா போய், மறுபடி சிங்கப்பூரில் இறங்குகிறவருக்குப் பலமுறை நுழையும் விசா வேண்டும். உள்நாட்டுப் பயணத்துக்கு ஆதார் போதும். நாடு கடந்தால் பாஸ்போர்ட்.

“ஒருவாட்டி கட்டுனாப் போதும், எல்லாம் அதுல அடக்கம்”

சாப்பாடும் அறையும் அடக்கம். மது, சிறப்பு உணவகங்கள், வைஃபை, கரைச் சுற்றுலா, மருத்துவர் கட்டணம் எல்லாம் வெளியே. வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு டிசிஎஸ் வரிப் பிடித்தமும் உண்டு. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதை ஈடுகட்டிக்கொள்ளலாம். இவற்றைவிடக் கசப்பான செலவு கைபேசியில் இருக்கிறது. நடுக்கடலில் போன் தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். அதற்கான கட்டணம் சாதாரண ரோமிங்கைவிடப் பல மடங்கு. கப்பல் கரையை விட்டதும் ஏரோபிளேன் மோடு போட்டுவிட வேண்டும். தனியாகப் போகிறவர் மருத்துவச் செலவையும், நடுக்கடலிலிருந்து அவசரமாகக் கரைசேர்க்கும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு இல்லாமல் ஏறவே கூடாது.

முன்பணம் கட்டுமுன் டிராவல்ஸ்காரரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: ஒருவருக்கான மொத்தத் தொகை எவ்வளவு, அதில் சிங்கிள் சப்ளிமெண்ட் எத்தனை சதவீதம், ரத்து செய்தால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்பும், அறை எந்தத் தளத்தில் எந்தப் பகுதியில். நான்குக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் பணம் கட்ட வேண்டாம்.